மடியில் கனமில்லாதவர்களுக்கு லாஸ் வேகஸ்

லாஸ் வேகஸுக்குப் போய்ச் சூதாடாமல், குடிக்காமல், கச்சேரிக்கு டிக்கெட் எடுக்காமல், முடிந்தால் சாப்பிடாமலும் ஊரைப் பார்த்துவிட்டு வர முடியுமா என்று கேட்பவர்களுக்காக இந்த வழிகாட்டி. முடியும். கொஞ்சம் மனப்பக்குவம் வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊரில் எரியும் ஒவ்வொரு விளக்குக்கும் யாரோ ஒருவர் தோற்றுப் பணம் கட்டியிருக்கிறார். அந்த வெளிச்சத்தில் நின்றுதான் நீங்கள் படம் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். ஆகவே அவரைப் பார்த்து உச்சுக்கொட்டாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். அவர் உங்கள் புரவலர். மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதல் விதி, ஊரின் வரவு செலவைப் புரிந்துகொள்வது. 1905-ல் ரயில்வே கம்பெனி பாலைவனத்தில் மனை போட்டு ஏலம் விட்டதில் பிறந்த ஊர் இது. 1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்துக்குச் சட்டத்தின் ஆசீர்வாதம் தந்தது. 1941-ல், இன்று ஸ்ட்ரிப் என்று உலகம் அறியும் நெடுஞ்சாலையில், எல் ராஞ்சோ வேகஸ் என்ற முதல் பெரிய விடுதி எழுந்தது. ஆட்டக்காரர்கள் பசிக்கு எழுந்து வெளியே போய்விடக் கூடாதே என்று அங்கே ஒரு டாலருக்கு வயிறுமுட்ட பஃபே போட்டார்கள். அறை மலிவு, சாப்பாடு மலிவு, பாட்டும் நடனமும் மலிவு, கார் நிறுத்தக் காசே இல்லை. எல்லா நஷ்டத்தையும் சூதாட்ட மேசை பார்த்துக்கொண்டது. கைக்கட்டை அவிழ்க்காத மனிதனுக்கு அது பொற்காலம். பக்கத்து மேசைக்காரன் தோற்கத் தோற்க இவன் தட்டில் இறால் ஏறிக்கொண்டே இருந்தது.

பிறகு கணக்குப்பிள்ளைகள் வந்தார்கள். 1999 வாக்கில் ஸ்ட்ரிப் விடுதிகளின் மொத்த வருமானத்தில் சூதாட்டத்தின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கியது. அறை வாடகை, சாப்பாடு, கச்சேரி, கடைகண்ணி எல்லாம் சேர்ந்து அதை முந்திவிட்டன. சூதாடாதவன்தான் இப்போது முக்கியமான வாடிக்கையாளர். ‘நான் சீட்டைத் தொடவே மாட்டேன்’ என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நீங்கள் உள்ளே நுழையும்போது வரவேற்பில் நிற்கும் பெண் மலர்ந்து சிரிக்கிறாளே, அது மரியாதை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம்.

சூதின் தீமையைப் பற்றி வள்ளுவர் ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். ரிசார்ட் கட்டணத்தைப் பற்றி ஒரு குறள்கூட இல்லை. இந்தக் குறையால் பல தமிழ்க் குடும்பங்கள் வரவேற்பு மேசையில் ஆயத்தமில்லாமல் மாட்டிக்கொள்கின்றன. அறை வாடகைக்கு மேல், ஓர் இரவுக்கு நாற்பது ஐம்பது டாலர் என்று வரும் தனிப் பட்டியல் அது. பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பாவும், கலிஃபோர்னியாவிலிருந்து அவரைக் காரில் அழைத்துவந்த மகனும் அந்த மேசையில் பேசிக்கொள்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“என்னடா இது, ரிசார்ட் ஃபீ? ரூம் வாடகையைத்தான் தனியாப் போட்டுட்டானே.”

“நீச்சல் குளம், ஜிம், வைஃபை, அதுக்கெல்லாம்ப்பா.”

“நான் குளத்துல இறங்கவே மாட்டேனே.”

“இறங்கலைன்னாலும் உண்டுப்பா.”

“அப்ப இறங்கிடறேன்.”

அந்த அப்பா காட்டிய வழிதான் சரியான வழி. கொடுத்த காசுக்கு இறங்கிவிடுங்கள். காலையில் குளம், மதியம் குளம், நடுவில் ஜிம்மில் போய் ஓடுபட்டைமேல் சும்மாவாவது நின்றுவிட்டு வாருங்கள். பல விடுதிகளில் உள்ளூர்த் தொலைபேசி அழைப்பும் இந்தக் கட்டணத்திலேயே அடக்கம். ஊரில் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் வரவேற்பையே கூப்பிட்டு மணி கேட்கலாம். சூதாட்டக் கூடங்களில் கடிகாரம் மாட்டும் வழக்கம் இல்லாததால் அது நியாயமான கேள்விதான். 2025 மே மாதத்திலிருந்து இந்தக் கட்டணத்தையும் சேர்த்த மொத்தத் தொகையை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் விதி போட்டிருக்கிறது. கட்டணம் ஒழியவில்லை, அது ஒளிந்திருந்த இடம்தான் ஒழிந்தது.

அறைக்குள் போனதும் கண்ணில் படும் குட்டி ஃபிரிட்ஜைத் தொடாதீர்கள். பெரிய விடுதிகள் பலவற்றில் அதற்குள் உணரிகள் இருக்கின்றன. ஒரு குப்பியைத் தூக்கிய நிமிடத்துக்குள் திரும்ப வைக்காவிட்டால் அது விற்றுப்போனதாக உங்கள் கணக்கில் ஏறிவிடும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர் டப்பாவுக்கு இடம் பண்ணுவதற்காக உள்ளே இருந்த பியர் குப்பிகளை எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்கும் அம்மாக்களை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. அன்று இரவு அந்தக் குடும்பம் சாப்பிடும் தயிர்சாதத்தின் விலைக்கு மேலைநாட்டுச் சமையல் மேதைகளின் உணவகத்தில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம். தயிருக்கு வழி வேறு. பல விடுதிகளின் நடையில் இன்னும் ஐஸ் இயந்திரம் இருக்கிறது, வாளி அறையிலேயே இருக்கிறது, இரண்டுக்கும் காசில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நான்கைந்து மணி நேரம் கார் ஓட்டி வருபவர்கள் புளியோதரையாகக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் இந்தப் பாடே இல்லை. ரைஸ் குக்கர் யோசனையைக் கைவிடுங்கள். அறையின் கூரையில் புகை உணரி இருக்கிறது. தாளிதத்தின் அருமை அதற்குத் தெரியாது.

இரண்டாவது விதி, நடை. ஸ்ட்ரிப்பின் நீளம் ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தாம்பரத்தில் இருப்பவருக்கு இது ஒன்றும் பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே ஒவ்வொரு கட்டடமும் மலை போல் இருப்பதால், ‘அதோ, பக்கத்து ஹோட்டல்’ என்று கை காட்டப்படும் இடத்துக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும். அதுவும் வெயிலில். 2024 ஜூலை 7 அன்று இந்த ஊரில் 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதுவே ஊரின் உச்சம். ஆகவே வெளியே நடக்காதீர்கள், உள்ளே நடங்கள். ஒரு விடுதிக்குள் புகுந்து, அதன் குளிர்காற்றில் நனைந்து, மறுவாசலில் வெளிவந்து, அடுத்ததில் புகுந்துகொள்ளுங்கள். இந்த ஊர் யாரிடமும் ‘நீ யார், எங்கே போகிறாய்’ என்று கேட்பதில்லை. மாண்டலே பேயிலிருந்து லக்ஸர் வழியாக எக்ஸ்காலிபர் வரை ஒரு குட்டி ரயில் இலவசமாக ஓடுகிறது. பார்க் எம்ஜிஎம்மிலிருந்து ஆரியா வழியாக பெல்லாஜியோ பக்கம் இன்னொன்று. மோனோரயிலுக்கு டிக்கெட் உண்டு, ஆகவே அதைக் கீழே நின்று பார்க்கலாம்.

சாலையைக் கடக்க நடைமேம்பாலங்கள் இருக்கின்றன. மேலே ஏறியதும் இருபுறமும் ஊர் விரிந்து கிடக்கும். நிற்காதீர்கள். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பாலங்களில் நிற்பதே குற்றம் என்று 2024 ஜனவரியில் கிளார்க் கவுண்டி சட்டம் போட்டிருக்கிறது. ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. கூட்ட நெரிசலும் குற்றங்களும்தான் காரணம் என்றார்கள். உலகத்தையே ‘வந்து பார்’ என்று அழைத்துவிட்டு, பார்க்கத் தோதான இடத்தில் நிற்காதே என்று சொல்லும் தெளிவு எல்லா அரசாங்கங்களுக்கும் வாய்ப்பதில்லை. நடந்துகொண்டே பாருங்கள், கழுத்து மட்டும் திரும்பினால் குற்றமில்லை. (ஆறு மாதச் சிறையில் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், ரிசார்ட் கட்டணமும் கிடையாது என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் மிகவும் முன்னேறிய நிலையில் இருப்பவர். தொடக்கநிலையினர் பின்பற்ற வேண்டாம்.)

தெருவில் இறகு வைத்த நடனப் பெண்களும் வேஷம் போட்ட வீரர்களும் தோளில் கை போட வருவார்கள். படம் எடுத்து முடித்ததும் அந்தக் கை உள்ளங்கையாகத் திரும்பும். வேறு சிலர், ‘கச்சேரி டிக்கெட் சும்மா தருகிறோம், ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் வாருங்கள்’ என்பார்கள். அது டைம்ஷேர் விற்பனைக் கூட்டம். விடுமுறை வீட்டில் வருடத்துக்கு ஒரு வாரத்தை உங்கள் தலையில் கட்டும்வரை ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் பேசுவார்கள். குடும்பத்தில் எல்.ஐ.சி. ஏஜெண்ட் யாராவது இருந்தால் தயங்காமல் அவரை உள்ளே அனுப்புங்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது விற்க வந்தவர் கையில் ஒரு பாலிசி இருக்கும், உங்கள் கையில் டிக்கெட் இருக்கும்.

மூன்றாவது விதி ரிசார்ட் கட்டணத்தில் அடங்காது. வேண்டுவோர் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

நான்காவது விதி, சூதாட்டத் தளத்தைக் கடப்பது. இதை யாரும் தவிர்க்க முடியாது. கழிப்பறையோ, சாப்பாட்டுக் கூடமோ, லிஃப்டோ, எதற்கும் வழி அதன் ஊடாகத்தான். ஒருகாலத்தில் இந்தத் தளங்களை வடிவமைப்பதில் பில் ஃப்ரீட்மன் என்பவரின் சொல்தான் வேதவாக்கு. கூரை தாழ்வாக இருக்க வேண்டும், பாதை வளைந்து வளைந்து போக வேண்டும், எங்கே திரும்பினாலும் இயந்திரம் கண்ணில் பட வேண்டும் என்றார் அவர். பிறகு ஸ்டீவ் வின்னும் அவருடைய வடிவமைப்பாளர் ராஜர் தாமஸும் வந்து, உயர்ந்த கூரை, சூரிய வெளிச்சம், பூங்கொத்து, நல்ல நாற்காலி என்று நேர்மாறாகச் செய்து காட்டினார்கள். முன்னவர் வழி தெரியாமல் ஆட வைத்தார். பின்னவர்கள் போக மனமில்லாமல் ஆட வைத்தார்கள். இரண்டிலும் போனது ஒரே பணம்தான்.

கூடவே ஒரு குழந்தையை அழைத்துக்கொண்டு போங்கள். 21 வயது ஆகாதவர்கள் தளத்தைக் கடந்து போகலாம், நிற்கக் கூடாது. இயந்திரத்தின் முன் நீங்கள் ஒரு கணம் சபலப்பட்டு நின்றாலும், காவலர் வந்து, ‘பிள்ளையோடு இங்கே நிற்கக் கூடாது, நகருங்கள்’ என்பார். அந்த ஊரில் உங்கள் பர்ஸுக்காகப் பாடுபடும் ஒரே உத்தியோகஸ்தர் அவர்தான். குழந்தை இல்லாதவர்கள் உறவினரிடம் இரவல் கேட்கலாம்.

‘சூதாடுகிறவர்களுக்குக் குடிக்க எல்லாம் இலவசமாமே, ஓர் ஓரமாக உட்கார்ந்து மெதுவாகப் பொத்தானைத் தட்டிக்கொண்டிருந்தால் போதுமாமே’ என்று கேட்காத சிக்கனக்காரர் கிடையாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தட்டுக்கு ஐம்பது சென்ட். மணிக்கு ஐந்நூறு தட்டு. போட்டதில் நூற்றுக்குப் பத்து விடுதிக்கு என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 25 டாலர் சராசரியாகக் கரையும். ஸ்லாட் இயந்திரம் போட்ட பணத்தில் நூற்றுக்கு 75-ஆவது காலப்போக்கில் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் நெவாடாவின் சட்டம், ஆகவே பத்து என்பது நான் பெருந்தன்மையாகப் போட்ட கணக்கு. பரிசாரகப் பெண் வந்து சேர்வதற்குள் இரண்டு பியரின் விலை போயிருக்கும். அவருக்கு ஒரு டாலர் டிப்ஸ் வைக்காவிட்டால் அடுத்த முறை உங்கள் பக்கம் அவர் பார்வை திரும்பாது. சில பார்களில் நீங்கள் போதுமான அளவு தோற்றிருக்கிறீர்களா என்று பார்ப்பவருக்குக் காட்டிக்கொடுக்கும் விளக்கே வைத்துவிட்டார்கள். குடித்தே தீர வேண்டுமென்றால் கடையில் வாங்கிக் குடிப்பது சிக்கனம். குடிக்காமல் இருப்பது அதைவிடச் சிக்கனம், ஆனால் இந்த வழிகாட்டி ஒழுக்க போதனைக்காக எழுதப்பட்டதல்ல.

ரூலெட் மேசையைத் தாராளமாக நின்று பார்க்கலாம், அதற்குக் காசில்லை. ஒன்றிலிருந்து 36 வரை எண்கள், அவற்றோடு ஒரு பூஜ்யம், பக்கத்தில் இரட்டைப் பூஜ்யம். ஆக 38 குழி. நீங்கள் கட்டிய எண் வந்தால் தருவதோ 35 மடங்கு. அந்த இரண்டு பூஜ்யங்கள் நூற்றுக்கு 5.26 வீதம் விடுதிக்குச் சம்பாதித்துத் தருகின்றன. அது போதவில்லை என்று இப்போது ஸ்ட்ரிப்பில் பல மேசைகளில் மூன்றாவது பூஜ்யமும் சேர்த்துவிட்டார்கள். வீதம் 7.69 ஆகிவிட்டது. பூஜ்யத்தை உலகுக்குக் கொடுத்தோம் என்று நாம் மார் தட்டிக்கொள்கிறோம். அதை வைத்து மாளிகை கட்டலாம் என்று நம் முன்னோர் யாருக்கும் தோன்றவில்லை.

இனி காட்சிகள்.

பெல்லாஜியோ நீரூற்றுக்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். 1998-ல் திறந்த விடுதி. வாசலில் எட்டரை ஏக்கரில் ஏரி, அதில் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பீச்சுக் குழாய்கள். பாட்டுக்கு ஏற்றபடி தண்ணீர் ஆடும், குலுங்கும், சில இடங்களில் 140 மீட்டர் உயரத்துக்கு எழும்பி ஒரு கணம் நிற்கும். மதிய வேளையில் அரை மணிக்கு ஒருமுறை, இரவானால் கால் மணிக்கு ஒருமுறை. பாலைவனத்தில் இவ்வளவு தண்ணீரா என்று வயிறு எரிபவர்கள் அமைதி கொள்ளலாம். அந்த இடத்தில் முன்பு இருந்த டூன்ஸ் விடுதியின் கோல்ஃப் மைதானத்துக்குப் பாய்ச்சிக்கொண்டிருந்த கிணற்று நீர் அது. புல்லுக்குப் போனது இப்போது பாட்டுக்குப் போகிறது. சாலையின் எதிர்ப்புறம், பாதி அளவில் கட்டிய ஈஃபில் கோபுரத்தின் உணவகத்தில் உட்கார்ந்து இதே நீரூற்றைப் பார்க்கிறவர்கள் பெரும் பணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கண்ணாடி வழியாக. உங்களுக்குத் தண்ணீர்த் துளி முகத்திலேயே தெறிக்கும். உள்ளே வரவேற்புக் கூடத்தின் கூரையில் டேல் சிஹூலி செய்த கண்ணாடிப் பூக்கள், ஏறக்குறைய இரண்டாயிரம். அதற்கு அப்பால் பூந்தோட்டம். வருடத்தில் ஐந்து முறை அடியோடு மாற்றி வைப்பார்கள். மூன்றும் இலவசம். உள்ளூர் பூங்காவில் நுழைவுச்சீட்டு வாங்கிய கைக்கு இது முதலில் நம்பிக்கை வராது. யாரும் தடுக்க மாட்டார்கள், போங்கள்.

ஃபிளமிங்கோ விடுதியில் நிஜப் பூநாரைகள் நிற்கின்றன, அதற்கும் காசில்லை. 1946 டிசம்பரில் அதைத் திறந்த பக்ஸி சீகல் என்ற தாதா கட்டடச் செலவைக் கையை மீற விட்டார். அடுத்த ஜூனில் பெவர்லி ஹில்ஸில் சுடப்பட்டுச் செத்தார். பட்ஜெட்டைத் தாண்டுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை இந்த ஊரில் இல்லை.

நியூயார்க்-நியூயார்க் விடுதி வாசலில் சுதந்திர தேவி சிலை நிற்கிறது. அசலைப் பார்க்கப் படகுக்குப் பணம் கட்டி வரிசையில் நிற்க வேண்டும். இங்கே நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். ‘இது போலிதானே’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்கத் தபால் துறை 2010-ல் வெளியிட்ட சுதந்திர தேவி தபால்தலையில் இருப்பது இந்த லாஸ் வேகஸ் சிலையின் முகம். படத்தைத் தேர்ந்தெடுத்த அதிகாரிகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கோடிக்கணக்கில் அச்சாகி விற்ற பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சிற்பி ராபர்ட் டேவிட்சன் வழக்குப் போட்டார். அசலின் முகத்தை அப்படியே எடுக்காமல், தன் மாமியாரின் படத்தைப் பார்த்து முகத்தைச் செதுக்கினேன், ஆகவே அது என் சொந்தப் படைப்பு என்பது அவர் வாதம். 2018-ல் நீதிமன்றம் அவருக்கு முப்பத்தைந்து லட்சம் டாலர் அளவுக்கு வழங்கத் தீர்ப்பளித்தது. மாமியாரால் இவ்வளவு ஆதாயம் அடைந்த மருமகன் வேறு யாரும் சட்டப் புத்தகங்களில் இருப்பதாகத் தெரியவில்லை. லாஸ் வேகஸில் கண்டிப்பாக ஜெயிக்க வழி கேட்பவர்களுக்கு இந்த ஒன்றைத்தான் சொல்ல முடியும்.

‘வருக’ என்று சொல்லும் புகழ்பெற்ற பலகை தெற்குக் கோடியில் இருக்கிறது. 1959-ல் பெட்டி வில்லிஸ் என்ற பெண்மணி வரைந்தது. ஊருக்கு என் அன்பளிப்பு என்று சொல்லி அதற்கு அவர் காப்புரிமை வாங்கவே இல்லை. அதனால்தான் உலகம் முழுக்கக் கோப்பையிலும் பனியனிலும் சாவிக்கொத்திலும் அந்தப் பலகை இருக்கிறது, அவருக்கு ஒரு காசு போகவில்லை. ஸ்ட்ரிப்பில் பணம் கேட்காமல் ஏதோ ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனவர் என்று என்னால் சொல்ல முடிகிற ஒரே ஆள் அவர்தான். பலகை நிற்கும் இடம் லாஸ் வேகஸ் நகர எல்லைக்குள்ளேயே இல்லை என்பது இன்னொரு விஷயம். ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதியும் இல்லை. நகராட்சி வரியிலிருந்து தள்ளி நிற்கும் கலையில் விடுதி முதலாளிகள் நமக்கெல்லாம் மூத்தவர்கள்.

ஸ்பியர் என்ற ராட்சத உருண்டையை வெளியிலிருந்து பாருங்கள். 230 கோடி டாலர் செலவில் 2023-ல் திறந்தது. உள்ளே போனால் டிக்கெட். வெளித்தோல் முழுக்க விளக்குத் திரை, அது ஊருக்கே பொது.

பழைய வழிகாட்டிகளை மட்டும் நம்பாதீர்கள். எம்ஜிஎம் கிராண்டின் சிங்கங்கள் 2012-ல் போய்விட்டன. டிரெஷர் ஐலண்டின் கப்பல் சண்டை 2013-ல் நின்றது. மிராஜ் வாசலில் 1989 முதல் இரவுதோறும் இலவசமாக வெடித்துக்கொண்டிருந்த எரிமலை, 2024 ஜூலையில் விடுதியோடு சேர்த்து மூடப்பட்டது. அங்கே கிட்டார் வடிவத்தில் ஒரு ஹோட்டல் வரப்போகிறது. 2016-ல் எம்ஜிஎம் நிறுவனம் கார் நிறுத்தக் காசு வாங்கத் தொடங்கியதும் மற்றவர்கள் பின்னால் வந்தார்கள். இலவசம் என்பது அங்கே நாளுக்கு நாள் தேய்கிற சரக்கு. நீங்கள் போவதற்குள் நான் மேலே சொன்னதில் எது மிச்சம் இருக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன்.

ஆனால் காட்சிகளை ஒழிப்பதையே அவர்கள் ஒரு காட்சியாக நடத்துவார்கள். அதைத் தவற விடாதீர்கள். பழைய விடுதியைக் கடப்பாரை வைத்து இடிப்பது அங்கே வழக்கமில்லை. வெடி வைத்து, வாணவேடிக்கை விட்டு, ஊரைக் கூட்டித் தகர்ப்பார்கள். 1993 அக்டோபரில் டூன்ஸ் சரிந்ததைப் பார்க்க இரண்டு லட்சம் பேர் திரண்டார்கள். 1957-ல் திறந்த ட்ரோப்பிகானா 2024 அக்டோபர் 9 அன்று விடிவதற்கு முன் ட்ரோன் காட்சியோடு விழுந்தது. டிக்கெட் கிடையாது, தூசிதான். முகத்துக்கு ஒரு துண்டு கொண்டுபோங்கள்.

இதைவிடப் பெரிய இலவசக் காட்சி ஒன்று இருந்தது. 1951-லிருந்து, நகரத்துக்கு வடமேற்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், அரசாங்கம் அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துச் சோதித்தது. வெடிக்கும் நேரத்தையும் பார்க்கத் தோதான இடங்களையும் அச்சடித்து உள்ளூர் வர்த்தக சபை நாட்காட்டி வெளியிட்டது. விடுதிகள் விடிய விடிய விருந்து வைத்து, விடிந்ததும் மொட்டை மாடியில் நின்று காளான் மேகத்தைப் பார்க்க விருந்தாளிகளை அழைத்தன. யாரிடமும் காசு வாங்கவில்லை. காற்று லாஸ் வேகஸ் பக்கம் வீசாத நாளாகப் பார்த்தே பெரும்பாலும் வெடித்தார்கள். கிழக்கே, யூட்டாவின் சின்னச் சின்ன ஊர்கள் பக்கம் வீசினால் பரவாயில்லை. வெட்டவெளிச் சோதனையைத் தடை செய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு சோதனைகள் நிலத்துக்கு அடியில் போயின. யூட்டாவின் அந்த ஊர்களில் புற்றுநோயில் விழுந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டம் 1990-ல்தான் வந்தது. மொட்டை மாடியில் கோப்பையோடு நின்று பார்த்தவர்களின் பில் நாற்பது வருடம் கழித்து, வேறு ஆட்களின் பெயரில், வேறு மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

பழைய நகரத்துக்கு ஓர் இரவு இரண்டு மாடிப் பேருந்தில் போய் வாருங்கள். ஃப்ரீமாண்ட் தெருவுக்கு 1995-ல் கூரை போட்டுவிட்டார்கள். இப்போது அந்தக் கூரையில் நாலு கோடியே தொண்ணூறு லட்சத்துக்கு மேல் குட்டி விளக்குகள். அண்ணாந்து பார்த்தால் படம் ஓடும், தலைக்கு மேலே கம்பியில் காசு கொடுத்துத் தொங்கிப் போகிறவர்கள் கத்துவார்கள், கேட்பதற்குக் காசில்லை. கோல்டன் நக்கெட்டில் 27 கிலோ எடையுள்ள ஒரே தங்கக் கட்டி கண்ணாடிக்குள் இருக்கிறது. 1980-ல் ஆஸ்திரேலியாவில் உலோகம் தேடும் கருவியோடு அலைந்த ஒருவருக்குக் கிடைத்தது. நகைக்கடையில் ஒரு சவரனுக்குப் பேரம் பேசியே பழகிய நம் பெண்கள் அதன் முன் நீண்ட நேரம் நிற்பார்கள். செய்கூலி சேதாரம் கணக்கிட்டு முடிக்கும்வரை அவசரப்படுத்தாதீர்கள்.

கார் இருந்தால் ஹூவர் அணைக்குப் போங்கள். 221 மீட்டர் உயரம். மேலே நடந்து போகக் கட்டணமில்லை. பக்கத்தில் 2010-ல் திறந்த உயரமான பாலத்தின் நடைபாதையிலிருந்து அணை முழுதாகத் தெரியும், அங்கே நின்றால் யாரும் பிடிக்க மாட்டார்கள். அணையின் நீரெடுப்புக் கோபுரங்களில் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன, ஒன்று நெவாடா நேரம், மற்றது அரிசோனா நேரம். கோடையில் இரண்டும் ஒரே மணியைத்தான் காட்டும். ஊரில் இல்லாத கடிகாரத்தை எல்லாம் இங்கே கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. போகும் வழியில் போல்டர் சிட்டி. அணை கட்ட வந்த தொழிலாளர்களுக்காக 1931-ல் மத்திய அரசே எழுப்பிய ஊர். கூலியைத் தொலைத்துவிட்டு மறுநாள் வேலைக்கு வராமல் போய்விடுவார்களே என்று அங்கே சூதாட்டத்துக்குத் தடை போட்டார்கள். தடை இன்றுவரை எடுக்கப்படவில்லை. பூங்காவில் கொம்பு வளைந்த காட்டு ஆடுகள் மலையிலிருந்து இறங்கி வந்து புல் மேயும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்க மாநிலத்திலேயே பத்திரமான இடம் அது.

கடைசியாக, விமான நிலையம். ஒரு டாலர்கூடத் தோற்காமல் ஊரைக் கடந்து வந்த பெருமையில் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவீர்கள். ஹாரி ரீட் விமான நிலையத்திலும் ஸ்லாட் இயந்திரங்கள் வரிசையாக நின்று கண்ணடிக்கும். இத்தனை நாளும் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா, அங்கே யாரோ ஒரு பாட்டிக்கு மணி அடித்து விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, “ஒரே ஒரு டாலர் போட்டுப் பார்க்கட்டுமாடா?” என்பார். அவர் கையைப் பிடித்து வேகமாக இழுத்துக்கொண்டு பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சோதனைக்கு அந்தப் பக்கமும், விமானம் ஏறும் வாசல் வரைக்கும், வைத்திருக்கிறார்கள்.